எந்த ஈரத்தை அளக்கிறீர்கள்?
தோலில் ஒட்டும் சென்சார் செய்யும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிர்மருத்துவப் பொறியியலும் மின்னணுவியலும் கடைசி ஆண்டு படிக்கும் மாணவ மாணவியருக்கு,



மார்ச் மாதக் கடைசியில் ஒரு பொறியியல் கல்லூரியில் புராஜெக்ட் கண்காட்சி. தகரக் கொட்டகைக்குள் வரிசையாகப் போட்ட மேசைகளில் ஒன்றில், பிரெட்போர்டிலிருந்து நாலைந்து ஒயர்கள் கிளம்பி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் போய் முடிந்தன. பட்டையின்மேல், இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து வைத்ததுபோலச் செம்புக் கோடுகள். கையில் ஒட்டினால் தோலின் ஈரப்பதத்தைச் சொல்லும் என்றார்கள் அதைச் செய்த மூன்று மாணவர்கள். ஒருவர் தன் கையில் மாய்ஸ்சரைசர் தடவிக் காட்டினார். திரையில் 38 என்றிருந்த எண் 61-க்குத் தாவியது. நல்ல கைதட்டல்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவரின் அம்மா, “எனக்கு வெச்சுப் பாருப்பா” என்று கையை நீட்டினார். காலையில் தேங்காய் எண்ணெய் தடவிய கை. எண் 20-க்குக் கீழே இறங்கியது. ‘வறண்ட தோல்’ என்றது திரை. எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். அதற்குள் அந்தத் தகரச் சூட்டில் கை வியர்த்துவிட்டது. எண் 100-ல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

“ஏசி ரூம்ல வெச்சா கரெக்டா வரும்மா.”

“ஏசி ரூம்ல உக்காந்திருந்தா எனக்கு எதுக்குப்பா இது?” என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

இந்த மடலுக்குக் காரணம் அந்தக் கேள்விதான். அந்த மூவரையும் குறை சொல்ல இதில் இடமில்லை. அவர்கள் இடறிய அதே கல்லில்தான் உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களும் இடறி விழுந்து, எழுந்து நடந்திருக்கின்றன.

தோலின் ஈரத்தை அளக்க அழகுப்பொருள் நிறுவனங்களும் தோல் மருத்துவர்களும் நெடுங்காலமாக நம்பியிருக்கும் கருவி கார்னியோமீட்டர். ஜெர்மனியின் கொலோன் நகரத்து கரேஜ் அண்ட் கசாக்கா நிறுவனம் செய்வது. பேனா அளவு முனையைத் தோலில் அழுத்தினால் ஓர் எண் வரும். வேலை செய்யும் விதமும் மாணவர்களின் பட்டையைப் போலத்தான். தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80; உலர்ந்த பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கு அது ஒற்றை இலக்கம். தோலில் தண்ணீர் கூடினால் மின்தேக்குத்திறனும் கூடும். எண்ணெயும் அந்த ஒற்றை இலக்கக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதால்தான் அந்த அம்மாவின் கை திடீரென்று பாலைவனம் ஆனது. வியர்வையோ உப்புத்தண்ணீர், மின்சாரத்தையே கடத்திக் கணக்கைக் குழப்பிவிடும்.

அந்த ஜெர்மன் கருவியைக் கையாளும் ஆய்வாளர்கள், அறை 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சோதனைக்கு வந்தவர் கையைத் திறந்துவைத்து இருபது முப்பது நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆக, “ஏசி ரூம்ல வெச்சா கரெக்டா வரும்” என்று அந்த மாணவர் சொன்னது உலக வழக்கம்தான். இன்னொன்றும் உண்டு. கார்னியோமீட்டர் தரும் எண்ணுக்கு அலகு கிடையாது. அது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கே அல்ல. கண்காட்சிப் பட்டைகளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சதவீதக் குறி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறதோ!

சரி, இந்தக் கருவிகள் எந்த ஈரத்தை அளக்கின்றன? தோலின் ஆக மேலே இருக்கும் செத்த செல்களின் படலத்தில் உள்ள ஈரத்தை. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த இடங்களில் அந்தப் படலத்தின் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்; ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. செத்தது என்றாலும் சும்மா கிடப்பதல்ல. கிருமி உள்ளே வராமலும் உடம்பின் தண்ணீர் வெளியே போகாமலும் காப்பது அதுதான். ஃபிலாகிரின் என்ற புரதம் சிதைந்து உண்டாகும் பொருள்கள் அந்தப் படலத்தில் நீரைப் பிடித்துவைக்கின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்கு மீன்செதில்போல வறண்ட தோலும், பிள்ளைப் பருவத்திலேயே அரிப்புப் படையும் வர வாய்ப்பு அதிகம் என்பதை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். இரவெல்லாம் சொறிந்து அழும் குழந்தையின் தோல் எப்போது காயத் தொடங்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், களிம்பு போடும் நேரத்தை அம்மா தீர்மானித்துக்கொள்ளலாம். தோல் ஈரத்தை அளக்கும் சென்சாருக்கு உண்மையான வேலை அங்கே இருக்கிறது.

ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் மாணவர்கள் வழக்கமாக எழுதுவது வேறு: “உடலில் நீர்ச்சத்துக் குறைவதைக் கண்டறியும் கருவி.” தோலின் மேற்படல ஈரம் வேறு, உடம்பின் நீர்ச்சத்து வேறு. வெயிலில் வேலை செய்து இரண்டு லிட்டர் தண்ணீரை வியர்வையாக இழந்தவரின் தோல்மேல்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். உள்ளே அவர் வற்றிக்கொண்டிருப்பார். குளிர்காலத்தில் பெங்களூரில் நாள்முழுக்கத் தண்ணீர் குடிப்பவரின் கால் வெடித்துக் கிடக்கும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தையின் வயிற்றுத் தோலை டாக்டர் இரண்டு விரலால் கிள்ளிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் பழையபடி படிகிறது என்று பார்ப்பார். அந்தச் சோதனை பேசுவது இன்னும் ஆழத்தில் உள்ள நீரைப் பற்றி. மேலே ஒட்டிய சீப்புப் பட்டைக்கு அது எட்டாது. இந்த இரண்டு ஈரத்தையும் ஒன்றாக்கிப் பேசும் விளம்பரங்கள் ஏராளம். பொறியாளர்களும் அதைச் செய்ய வேண்டியதில்லை.

இப்போது பட்டையைப் பற்றி. தோலைப் போல வளைந்து நெளியும் மின்னணுச் சுற்று என்ற எண்ணத்தை உலகம் கண்ணால் பார்த்தது 2011 ஆகஸ்டில். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் தலைமையிலான குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை அது. சிலிக்கான் கண்ணாடிபோல நொறுங்கும் பொருள். அதையே தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசாகச் சீவினால் காகிதம்போல வளையும். வளைந்தால் மட்டும் போதாதே. தோல் இழுபடவும் செய்யும். அதற்காகக் கம்பிகளை நேர்கோட்டில் போடாமல் பாம்பு நெளிவதுபோலப் போட்டார்கள். சிக்குக் கோலத்தின் இழைகள் புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து போகுமே, அந்த மாதிரி. தோலை இழுக்கும்போது வளைவுகள் விரிந்துகொடுக்கும், கம்பி அறாது. பபிள்கம் பாக்கெட்டில் வரும் ஒட்டுப்படத்தைத் தண்ணீர் தொட்டுக் கையில் ஒட்டுவோமே, அப்படியேதான் இதையும் ஒட்டினார்கள். ஒட்டிய பிறகு தோலைச் சுருக்கினாலும் அதுவும் கூடவே சுருங்கியது.

பார்க்க அதிசயம்தான். அதிசயத்துக்கு அடியில் ஒரு சிக்கல் பதுங்கியிருந்தது. வெட்டுக்காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரியை இரண்டு நாள் கழித்து உரித்தால் அடியில் தோல் எப்படி இருக்கும்? வெளுத்து, ஊறி, சுருங்கி. காற்றுப் புகாத எதையும் தோலில் ஒட்டினால், ஆவியாக வெளியேற வேண்டிய நீர் அங்கேயே தேங்கும். ஒரு மணி நேரம் ஒட்டியிருந்தாலே கணக்கு மாறும். அதாவது, ஈரத்தை அளக்க ஒட்டிய பட்டையே ஈரத்தை உண்டாக்குகிறது! புராஜெக்ட் அறிக்கைகளில் “நேரம் செல்லச் செல்ல ஈரப்பதம் உயர்ந்தது” என்று ஒரு வரைபடம் அழகாக ஏறிக்கொண்டே போகும். ஏறியது களிம்பாலா, பட்டையாலா என்று வைவாவில் யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சொமேயா குழு இதற்கு 2017-ல் ஒரு விடை தந்தது. பட்டையே வேண்டாம், வலை போதும் என்றார்கள். தண்ணீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால் இழைகளை நூற்று, அதன்மேல் தங்கம் பூசினார்கள். தோலில் வைத்துத் தண்ணீர் தெளித்ததும் அடியிலிருக்கும் இழை கரைந்து பசையாகிறது. தங்க வலை மட்டும் தோலின் கோடுகளில் படிந்துகொள்கிறது. வலையின் கண் வழியே காற்றும் வியர்வையும் தாராளமாகப் போய்வரும். 20 பேர் ஒரு வாரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்; யாருக்கும் அழற்சி வரவில்லை. அதே ஆண்டு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யோங் ஜூ குழுவினர் வெள்ளி நானோ கம்பிகளால் ஈரப்பத சென்சார் செய்து, கைக்கடிகாரத்திலும் மார்புப் பட்டையிலும் பொருத்திப் பார்த்தார்கள்.

ரோஜர்ஸ் பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரது குழு 2020-ல் வெளியிட்ட கருவி இன்னொரு வழியில் போகிறது. அது மின்தேக்குத்திறனை விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடித்துக்கொண்டது. சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை: உலர்ந்த துணியைவிட ஈரத்துணி சூட்டை வேகமாகக் கடத்தும். சென்சாரில் உள்ள சின்னஞ்சிறு மின்தடை தோலை ஒரு கணம் இலேசாகச் சூடாக்கும். ஈரமான தோல் அந்தச் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்வதால் சென்சாரின் வெப்பநிலை கொஞ்சம்தான் ஏறும். வறண்ட தோலில் கூடுதலாக ஏறும். அந்த வித்தியாசத்திலிருந்து ஈரத்தைக் கணக்கிடலாம். கட்டுரைத் தலைப்பிலேயே ‘எந்தச் சூழலிலும்’ என்ற சொற்களைப் போட்டிருந்தார்கள். ஏசி அறையை விட்டு வெளியே வருவதுதான் நோக்கம் என்பதை ஒளிக்கவில்லை.

இதே பல்கலைக்கழகக் குழு 2025-ல் இன்னும் ஒரு படி போய், தோலைத் தொடாமலே அளக்கும் ஒரு சின்னக் கருவியை ‘நேச்சர்’ இதழில் காட்டியது. தோலுக்குச் சற்று மேலே ஒரு குட்டி அறை, அதற்குத் தானாகத் திறந்து மூடும் ஒரு கதவு. மூடியிருக்கும்போது தோலிலிருந்து வரும் நீராவி சேர்கிறது, திறந்ததும் கலைகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தோல் எவ்வளவு நீரை விடுகிறது என்று தெரிந்துவிடும். பிளாஸ்திரிச் சிக்கலை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்தக் கதவே சாட்சி.

தொடாமல் அளப்பதன் அருமையை அறிய, குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குப் போக வேண்டும். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த மேற்படலம் சரியாக உருவாகியிருக்காது. தண்ணீர் தோல்வழியே கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். கூடவே உடல்சூடும் போகும். அதனால்தான் இன்குபேட்டருக்குள் ஈரக்காற்றை வைக்கிறார்கள். அந்தத் தோலில் ஒயர்களோடு பிளாஸ்திரி ஒட்டி எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். தழும்போடு வளரும் பிள்ளைகள் உண்டு. முழுக்கத் தொடாமல் இல்லை என்றாலும், சிகாகோவில் ரோஜர்ஸ் குழுவும் மருத்துவர்களும் 2019-ல் மார்பில் ஒன்று, பாதத்தில் ஒன்று என இரண்டே மெல்லிய பட்டைகளில், ஒயர் இல்லாமல் இதயத்துடிப்பையும் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் எடுத்துக் காட்டினார்கள். ஒயர்க் காடு போனதும் அம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள முடிந்தது.

வங்கதேசத்தின் டாக்காவில் நடந்த வேறொரு ஆய்வும் இங்கே சேரும். குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவியபோது மருத்துவமனையில் தொற்றும் கிருமிநோய்கள் 41 சதவீதம் குறைந்ததாக 2005-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. எண்ணெய் ஒரு தற்காலிக மேற்படலமாக நின்றிருக்கிறது. கண்காட்சியில் தொந்தரவாகத் தெரிந்த எண்ணெய் இன்னொரு இடத்தில் உயிர் காக்கும் பொருள். எண்ணெய் தடவும் வழக்கமுள்ள நாட்டுக்குச் செய்யும் சென்சார், எண்ணெயைத் துடைத்துவிட்டு வரச் சொல்லக்கூடாது. அதன்மேல் ஒட்டவும் வேண்டும், அதைக் கணக்கில் கழிக்கவும் வேண்டும். கடினமான வேலைதான், இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு முழு ஆண்டு புராஜெக்ட் தேறும். (தோல் எவ்வளவு நீர் குடிக்கும், எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்ற கேள்வியோடு 1948 முதல் குடும்பம் நடத்தும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில்தான் இருக்கிறது. அங்கே ஆராய்வது விலங்குகளின் தோல் என்றாலும், சென்னை மாணவர்களுக்குப் போய்க் கேட்டுவர பஸ் டிக்கெட் செலவுதான்.)

பிறகு, யார் கையில் சோதிக்கிறார்கள் என்பது. பத்து நண்பர்கள், எல்லாருக்கும் வயது 21. இது பெரும்பாலான அறிக்கைகளின் ‘ஆய்வுக்குட்பட்டோர்’ பட்டியல். கோவிட் காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் நினைவிருக்கும். அதன் கணக்கு கறுத்த தோலில் பிசகுகிறது என்பதை 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். கருவி 92 முதல் 96 என்று நிம்மதியாகக் காட்டிய வேளையில் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நிகழ்வுகள், வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். ஒளியால் அளக்கும் எதுவும் தோலுக்கு நிறம் தரும் மெலனினைக் கடந்தாக வேண்டும். எங்களுடையது மின்சாரத்தால் அளப்பது, நிறம் பாதிக்காது என்று சிலர் சொல்லக்கூடும். ஈரப்பதக் கணக்குக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் அதே பட்டையில் ‘கூடுதல் வசதி’ என்று பச்சை எல்இடி விளக்கு வைத்து இதயத்துடிப்பும் எடுப்பார்களே? நிறத்தை விட்டாலும், காய்ப்பு ஏறிய கை, தழும்பு, அறுபது வயதுச் சுருக்கம், முடி அடர்ந்த முன்கை எல்லாம் இருக்கின்றன. 21 வயது நண்பர்கள் பத்துப் பேரிடம் இவையெல்லாம் கிடைக்காது.

வெயிலில் உழைப்பவர்களுக்காகச் செய்கிறோம் என்று சொல்லும் குழுக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நீரிழப்பை அவர்கள் கண்டது ஒட்டுப் பட்டையால் அல்ல. வியர்வையின் அளவு, சிறுநீரின் அடர்த்தி என்று பழைய, அலுப்பான, நம்பகமான அளவைகளால்தான். புதிய சென்சார் எதுவாக இருந்தாலும் அந்த அலுப்பான அளவைகளோடு நின்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

வியர்வையைப் பிடித்து அளக்கும் பட்டைகள் கடைக்கே வந்துவிட்டன. அமெரிக்காவில் 2021-ல் கேட்டரேட் நிறுவனம், எபிகோர் பயோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து விற்பனைக்கு விட்டது ஒன்று. முன்கையில் ஒட்டினால் வியர்வை நுண்ணிய வாய்க்கால்களில் ஓடி நிறம் காட்டும். போனில் படம் எடுத்தால் எவ்வளவு வியர்த்தது, எவ்வளவு உப்புப் போனது என்று கணக்கு வரும். விளையாட்டு வீரர்களுக்கு அருமையான பொருள். இரண்டு பட்டை உள்ள பாக்கெட் அப்போது சுமார் 25 டாலர். ஒரு பட்டைக்கு அன்றைய கணக்கில் 900 ரூபாய்க்கு மேல். ஒருமுறை ஒட்டினால் தூக்கிப்போட வேண்டியது. தூத்துக்குடி உப்பளங்களில் அது ஒருநாள் கூலியைத் தாண்டியது.

அந்த உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் தாகம் தெரியாததல்ல. கழிப்பிடம் இல்லாதது. மணிக்கட்டில் ஒரு பட்டை அதிர்ந்து “தண்ணீர் குடியுங்கள்” என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அப்படியொரு மாநிலத்தில் இந்தப் பட்டை தரும் எண் போய்ச் சேர வேண்டிய இடம், தொழிலாளியின் மணிக்கட்டைவிட, வேலை நேரத்தையும் நிழலையும் கழிப்பிடத்தையும் தீர்மானிப்பவரின் மேசை. ஆனால் யார் பெயருக்கு நேராக எந்த எண் என்பது அந்த மேசைக்குத் தெரியக்கூடாது. நாளைக்கு ‘சீக்கிரம் களைத்துப்போகிறவர்’ என்று ஒருவரைக் கழித்துக்கட்ட அதுவே போதும். சர்க்யூட் வரையும்போதே இதையும் சேர்த்து யோசித்துவிடுங்கள்.

ஒருவேளை இதெல்லாம் புராஜெக்டுக்குக் கிடைக்கும் எட்டு மாதத்தில் முடிகிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ரோஜர்ஸ் குழுவின் ஒட்டுப்படத்துக்கும் அந்தக் கதவு வைத்த கருவிக்கும் இடையே 14 ஆண்டுகள். உங்களிடம் கேட்பது சின்ன விஷயங்கள்தான். சதவீதக் குறியை எடுத்துவிடுங்கள். அளந்த நேரத்தில் அறை எத்தனை டிகிரி, காற்றில் எவ்வளவு ஈரம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். பட்டையை எடுத்த பிறகு அடியில் தோல் எப்படி இருந்தது என்று ஒரு படம் போடுங்கள். மனிதர்கள் மேல் சோதிப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குங்கள்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளைப் பெரும்பாலான வழிகாட்டிகள் உங்களிடம் காட்டியிருக்க மாட்டார்கள். எங்கே தோற்றது என்பதற்கு அறிக்கையில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு வருகிற ஜூனியர்களுக்கு மற்ற எழுபது பக்கங்களைவிட அவை உதவும்.

வருகிற மே மாதத்தில் ஒருநாள், பகல் இரண்டு மணிக்கு, அந்தத் தகரக் கொட்டகையிலேயே மேசையைப் போடுங்கள். வீட்டிலிருந்து அம்மாவையும் தாத்தாவையும், கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் அக்காவையும், வாசலில் நிற்கும் காவலாளியையும் அழைத்து உட்காரவையுங்கள். எண்ணெய் தடவியிருந்தால் துடைக்கச் சொல்லாதீர்கள். வருகிற எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆண்டுதோறும் உங்கள் கண்காட்சிக்கு வந்து கையை நீட்டும் ஒருவர்